சட்டமன்ற உறுப்பினரை ஏன் ‘ஒய்பி’ என்கிறோம்?

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் கோயில் திருவிழா பேனரில் ஒரே ஆளை ‘ஒய்பி’ என்றும் ‘அடுன்’ என்றும் போட்டிருக்கிறார்களே, இரண்டும் ஒன்றா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றில்லை. அடுன் பதவி, ஒய்பி மரியாதை அடைமொழி.

‘அஹ்லி டேவான் உண்டாங்கான் நெகிரி’ என்பதன் சுருக்கமே அடுன்; மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். ஒய்பி என்பது ‘யாங் பெர்ஹோர்மாட்’. அதிலுள்ள ‘ஹோர்மாட்’ அரபு மொழியிலிருந்து மலாய்க்கு வந்த சொல், மரியாதை என்று பொருள். பிரிட்டிஷ் நாடாளுமன்ற வழக்கில் உறுப்பினரை மாண்புமிகு என்பதுபோலத்தான் இதுவும். நாடாளுமன்ற உறுப்பினர், செனட்டர் எல்லோருமே ஒய்பிதான். பிரதமர், துணைப் பிரதமர், மாநில அரசின் தலைவரான மந்திரி பெசார் அல்லது முதலமைச்சர் என்றால் ஒரு படி மேலே, ‘யாங் அமாட் பெர்ஹோர்மாட்’. பதவி போனால் ஒய்பியும் போய்விடும். பழக்கத்தில் கூப்பிடுகிறவர்கள் கூப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார்கள், அது வேறு!

டத்தோ பட்டத்தை இதோடு குழப்ப வேண்டாம். அது சுல்தானோ ஆளுநரோ கொடுப்பது, தேர்தலில் தோற்றாலும் கூடவே இருக்கும்.

சரி, மனு யாரிடம் கொடுப்பது? சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதிக்குள் லிந்தாங், ஜாலோங் என இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் உண்டு. ஆக, ஊருக்கு மூன்று ஒய்பி. நிலம் மாநில அதிகாரத்தில் வருவதால் தோட்டத்துக் கோயில் நிலம், வீட்டுமனைப் பட்டா என்றால் முதலில் அடுனைப் பாருங்கள். கல்வி மத்திய அரசின் கையில். தமிழ்ப்பள்ளிக் கட்டடத்துக்கு நாடாளுமன்ற உறுப்பினரைப் பிடிப்பதுதான் நேர்வழி.