வழியைத் தேடாதீர்கள், எல்லையைப் பாருங்கள்

கேள்வி: வேலைக்கான கோடிங் தேர்வுக்குப் பழகுகிறேன், அதில் ஒரு கணக்கு. ஓர் அணியில் (வரிசையாக வைத்த எண்களில்) ஒவ்வொரு எண்ணும், அந்தக் கட்டத்திலிருந்து அதிகபட்சம் எத்தனை கட்டம் முன்னே பாயலாம் என்று சொல்கிறது. முதற் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டத்துக்குப் போகமுடியுமா? என்னுடைய கோட் சின்ன அணிகளுக்குச் சரியாக வருகிறது, பெரியவற்றுக்கு நேரம் முடிந்துவிடுகிறது. டைனமிக் புரோகிராமிங் (சின்ன விடைகளைச் சேமித்து வைத்துப் பெரிய விடையைக் கட்டும் முறை) வகுப்பில் சேரவேண்டுமா?
– கொக்குவில் வாசகி

பதில்: வேண்டாம் பிள்ளை, காசைப் பத்திரமாக வைத்திருங்கள்.

நீங்கள் எல்லா வழிகளையும் நடந்து பார்க்கிறீர்கள். 30 கட்டம், எதிலிருந்தும் முன்னேயுள்ள எதற்கும் பாயலாம் என்றால் வழிகள் மட்டும் 26 கோடியைத் தாண்டும். கேள்வி கேட்பதோ ஆமா இல்லையா என்றுதான்.

கே.கே.எஸ். வீதி பஸ்ஸை நினையுங்கள். கொக்குவிலில் கிடைக்கும் ரிக்கெற் இணுவில் வரை, இணுவிலில் கிடைப்பது சுன்னாகம் வரை. எங்கே இறங்கி ஏறினீர்கள் என்பது யாருக்கு வேண்டும்? கையிலுள்ளவற்றில் தூரமானது எதுவரை, அவ்வளவுதான். அதை 'எல்லை' என்று ஒரே எண்ணில் வையுங்கள், தொடக்கம் 0. இடங்களையும் 0 இலிருந்து எண்ணி இடமிருந்து வலமாகப் போங்கள். நிற்கும் இடம் எல்லையைத் தாண்டிவிட்டால் விடை 'இல்லை'. இல்லாவிட்டால் இடத்தோடு அங்குள்ள எண்ணைக் கூட்டுங்கள், பெரிதாக வந்தால் அதுவே புது எல்லை. எல்லை கடைசி இடத்தைத் தொட்டால் 'ஆம்'.

3, 1, 0, 0, 2 என்ற அணியில் எல்லை 3 இலேயே நின்றுவிடும், கடைசி இடம் 4. ஆகவே இல்லை. ஆனால் பூச்சியத்தைக் கண்டதும் 'இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். 2, 4, 0, 0, 1, 0 இல் மூன்று பூச்சியம், விடை ஆம்.

இதற்குப் போய் "வரப்போகும் கேள்விகள்" என்று வட்ஸ்அப்பில் பிடிஎஃப் விற்கிறார்கள், "வேலை உறுதி" என்று முற்பணம் கேட்கிறார்கள். வேலை தருபவன் உங்களிடம் காசு வாங்கமாட்டான். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலிலிருந்தே பாடமாக்கிப் பழக்கிவிட்டோம், பிள்ளைகளும் நம்பத்தான் செய்வார்கள். விடையை மட்டும் பார்த்துப் புள்ளி போடும் இந்தத் தேர்வு மெசினும் அதற்குத் தோதாகத்தான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் இரண்டு தரம் வாசியுங்கள்: 'அதிகபட்சம்' என்றிருக்கிறதா, 'சரியாக அத்தனை' என்றிருக்கிறதா? 2, 3, 0, 0, 0 ஐ எடுங்கள். அதிகபட்சம் என்றால் ஒரு கட்டம் பாய்ந்து 3 என்ற எண் இருக்கும் கட்டத்தில் நின்று, அங்கிருந்து கடைசிக்குப் போய்விடலாம். சரியாக 2 என்றால் மூன்றாவது கட்டத்துப் பூச்சியத்தில் விழுந்து அங்கேயே நிற்பீர்கள். எல்லைக் கணக்கோ இரண்டுக்கும் 'ஆம்' என்றே சொல்லும். சரியாக, முன்னே மட்டும் என்றால் இருப்பது ஒரே வழி, அதையே பிடித்துப் போங்கள். முன்னும் பின்னும் பாயலாம் என்றால் போன கட்டங்களைக் குறித்துக்கொண்டே போகவேண்டும், இல்லாவிட்டால் கோட் இரண்டு கட்டத்துக்குள்ளேயே விடியும்வரை ஓடிக்கொண்டிருக்கும்.