கும்மிக் கால்

அன்புள்ள அண்ணா,

பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 38. போன வருசம் ஊர்க் கோயில் திடலில் வள்ளி கும்மி பழகி அரங்கேற்றமும் ஆச்சு. அதிலிருந்து ஆட்டம் என்றால் ஒரு பைத்தியம் பிடித்துக்கொண்டது. யூட்யூபில் குஜராத்திகளின் கர்பா, பஞ்சாபிகளின் பாங்க்ரா, பல்கேரியாக்காரர்கள் கை கோத்து ஆடும் வட்ட ஆட்டம் எல்லாம் பார்த்து மொட்டைமாடியில் தனியாக ஆடிப் பார்க்கிறேன். ஒன்றும் அது மாதிரி வருவதில்லை. "நம்ம கும்மி இருக்கறப்ப ஊரான் ஆட்டம் எதுக்கு அம்மணி?" என்கிறார் மாமியார். செல்போனைப் பார்த்துப் பழக முடியுமா? நமக்குச் சொந்தமில்லாததை ஆடுவது தப்பா? இதனால் என் கும்மி கெட்டுப்போகுமா? (பெயர் போட வேண்டாம். நீங்கள் எழுதுவதைக் கம்பெனியில் சிலர் படிக்கிறார்கள்.)

---

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கும்மி கெட்டுப்போகாது. கர்பாவுக்குத்தான் ஆபத்து, முதல் இரண்டு மாதம் அதையும் நீங்கள் கும்மியாகத்தான் ஆடப்போகிறீர்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சின்ன வயதில் எங்கள் ஊர்க் கோயில் வாசலில் நாலு வருசம் ஒயில் கும்மி ஆடியவன் நான். அந்தத் தைரியத்தில் ஒரு நவராத்திரிக்குக் கோயமுத்தூரில் நண்பர் வீட்டார் கூப்பிட்டார்கள் என்று கர்பா வட்டத்துக்குள் நுழைந்துவிட்டேன். அங்கே இரண்டு தட்டு, மூன்று தட்டு என்று கணக்கு, அதை அவர்கள் 'தாலி' என்கிறார்கள் (கழுத்தில் கட்டுவது இல்லை, கைத்தட்டு). தட்டுத்தானே, நம்ம சரக்கு என்று நினைத்தேன். தட்டு வந்தது, பழக்கதோஷத்தில் நான் இடுப்பை வளைத்துக் குனிந்தேன், பின்னால் வந்த அம்மா நேராக வந்து என் முதுகில் மோதினார். கர்பாவில் தட்டு விழும்போதும் வட்டம் நகர்ந்துகொண்டே இருக்கிறது, எனக்கோ தட்டு என்றால் ஒரு நொடி நின்று குனிந்து எழ வேண்டும். பாவம், அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "இங்க நிக்கக் கூடாதுங்க, போய்ட்டே இருக்கோணும்" என்றார், சுத்தமான கோயமுத்தூர்த் தமிழில். அன்று வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் யோசித்தேன், நாலு வருசம் ஆடியும் கும்மியில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. வாத்தியார் அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை, சொல்லும் தேவையும் வந்ததில்லை. உங்களுக்கும் அப்படி ஏதாவது பிடிபடும். கெட்டுப்போவது பற்றிய பயத்தை அதோடு விட்டுவிடலாம்.

சரி, செல்போன். முடியும், ஆனால் பாதிதான். வீடியோவில் கால் எங்கே போகிறது என்று தெரியும், உடம்பின் கனம் எந்தக் காலில் இருக்கிறது என்று தெரியாது. ஆட்டமோ அந்தக் கனத்தில்தான் இருக்கிறது. அப்புறம் எதிரே நின்று ஆடுகிறவரின் வலது உங்களுக்கு இடது, அது வேறு குழப்பம். அதனால் செல்போனில் முதலில் தாளத்தை மட்டும் எடுங்கள். உட்கார்ந்த இடத்தில், தொடையில் தட்டி.

நீங்கள் பார்த்த பல்கேரிய ஆட்டம் ரச்செனித்சாவாக இருக்கலாம். ஏழு எண்ணிக்கை, இரண்டு, இரண்டு, மூன்று என்று உடையும். நாலுக்கு நாலு என்றே பழகியவர்கள் இதில் விழி பிதுங்கிப் போவார்கள். நமக்கு வாயில் சொற்கட்டு இருக்கிறது. தக, தக, தகிட. அவ்வளவுதான். இன்னும் எளிதாக வேண்டுமா, குட்டை, குட்டை, நெட்டை என்று சொல்லிக்கொண்டே காலை மாற்றுங்கள். அவர்களிடமே கோபானித்சா என்று பதினொன்று எண்ணிக்கையில் ஒன்று உண்டு, தக தக தகிட தக தக, நெட்டை நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். தவில்காரரோ மிருதங்கக்காரரோ தெரிந்தவர் இருந்தால் அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், மேலே பேச விடாமல் அவரே வாசிக்க ஆரம்பித்துவிடுவார். இந்தத் தாளம் ஒரு வாரம் வாயில் ஊறிய பிறகு எழுந்து நின்றால் கால் தானாகத் தேடும். பாங்க்ராவை மட்டும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அது முழங்கால் கேட்கும் ஆட்டம். திடல் மண்ணில் குதித்த கால் உங்களுடையது, மொட்டைமாடி சிமென்டில் அதே குதியைக் குதித்தால் 38 வயது முழங்கால் ஒரு மாதத்தில் கணக்குக் கேட்கும்.

இப்போது மாமியார்.

அவர் கேட்பதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'நம்ம கும்மி' என்று அவர் சொல்வதை நீங்கள் ஆடுகிறீர்களே, அதுவே கொஞ்சம் புதுசு. வள்ளி ஒயில் கும்மியை ஆண்கள் ஆட, பெண்கள் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்த காலம் ஒன்று இருந்தது. அந்த வழக்கத்தை மீறிப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் கோவை மாவட்டத்துப் பத்திரப்பன் ஐயா, 2024இல் 87 வயதில் பத்மஸ்ரீ வாங்கினாரே, அவர்தான். உங்கள் மாமியார் புது மருமகளாக வந்த வருசம் இதே திடலில் சலங்கை கட்ட விட்டிருப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் தங்கச்சி, சாப்பாடு முடிந்து அவர் வெற்றிலை போடும் நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்.

மற்ற ஊர்களிலும் இதே கதைதான். 'மாயிம் மாயிம்' என்று ஒரு வட்ட ஆட்டம் இருக்கிறது, மாயிம் என்றால் எபிரேய மொழியில் தண்ணீர். வறண்ட நிலத்தில் பல வருசம் தேடித் தண்ணீர் கண்ட சந்தோசத்துக்காக 1937இல் ஒரு குடியிருப்பில் கட்டியது. ஆயிரம் அடிக்கு போர் போட்டுப் புகை மட்டும் பார்த்த நம்ம பக்கத்து ஆள்களுக்கு அந்தச் சந்தோசத்தை விளக்க வேண்டியதில்லை. ஜப்பானில் எத்தனையோ பேர் பள்ளிக்கூடத்தில் அதை ஆடி வளர்ந்திருக்கிறார்கள், அங்கே யாரும் ஊரான் ஆட்டம் என்று தள்ளி வைக்கவில்லை. கிரேக்கப் பாரம்பரியம் என்று உலகமே நம்பும் சிர்தாகி, 1964இல் வந்த ஒரு சினிமாவுக்காகப் பழைய ஆட்டங்களிலிருந்து எடுத்துக் கோத்தது. பாங்க்ராவுக்கு இன்று நாம் பார்க்கும் மேடை உருவம் 1950களில் அமைந்தது. பழசு இல்லை என்பதால் பொய் என்று சொல்ல வரவில்லை, ஆடுகிறவர்கள் இருந்தால் அது அவர்களுடையதாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

தப்பா என்று கேட்டீர்கள். ஆடுவது தப்பில்லை. எப்போது ஆடுவார்கள், யாருக்காக என்று கேட்காமல் ஆடுவதுதான் எனக்குக் கசக்கிறது. இரண்டு வருசம் முன்பு ஒரு கல்லூரிக் கலைவிழாவுக்குப் போயிருந்தேன். மேடை நடுவில் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை நட்டு, வேப்பிலை கட்டி, டிஜே பாட்டுக்குப் பிள்ளைகள் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். மாரியம்மன் நோன்பில் கோயில் முன்னால் நட்ட கம்பத்தைச் சுற்றி ஆடுவோமே, அந்தக் கம்பத்தாட்டமாம். பூச்சாட்டு இல்லை, விரதம் இல்லை, விடிகாலையில் ஈரச் சேலையோடு வந்து மஞ்சள் தண்ணீர் ஊற்றும் பெண்கள் இல்லை, முக்கிளை மரம்கூட இல்லை. நான் பெரிய பக்திமான் கிடையாது, இருந்தும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். மிசோக்காரர்களின் மூங்கில் ஆட்டத்தை, செராவ் என்பார்கள், விழாக்களில் கைதட்டி ரசிக்கிறோமே, பிரசவத்தில் இறந்துபோன பெண்ணின் ஆவியை நல்லபடியாக வழியனுப்ப ஆடியது அது என்பது அவர்கள் வழக்காறு. இன்று அவர்களே அதைக் கொண்டாட்டத்துக்கும் ஆடுகிறார்கள், நாமும் ஆடலாம். ஆனால் தெரிந்து ஆடுகிற காலுக்கும் தெரியாமல் ஆடுகிற காலுக்கும் வித்தியாசம் வரும்.

இவ்வளவு எழுதிய பிறகு உங்களிடம் ஒரு சின்ன வருத்தம். பல்கேரியாவரை போன நீங்கள் உங்கள் செக்கிங் டேபிளைத் தாண்டிப் பார்க்கவில்லை. உங்கள் லைனில் ஒடிசா, ஜார்கண்ட், அசாம் பெண்கள் இல்லாமல் இருக்க மாட்டார்கள், திருப்பூரில் இன்று எந்தக் கம்பெனியில்தான் இல்லை? பீஸ் ரேட், ஓவர்டைம், ஆல்டர் (திருத்தத்துக்குத் திருப்பும் பீஸ்) தவிர அவர்களிடம் வேறு என்ன பேசியிருக்கிறீர்கள்?

ஜார்கண்ட் பக்கம் ஆதிவாசி ஊர்களில் கரம் என்றும் கர்மா என்றும் ஒரு நோன்பு. ஆவணி புரட்டாசி வாக்கில், வளர்பிறை ஏகாதசியில் வரும். கரம் மரத்தின் கிளையைக் காட்டிலிருந்து பாட்டோடும் மேளத்தோடும் கொண்டுவந்து, ஊர் நடுவில் ஊன்றி, பூசை செய்து, பெண்கள் கை கோத்துக்கொண்டு ராத்திரி முழுக்க அதைச் சுற்றி ஆடுவார்கள். மறுநாள் கிளையைப் பிடுங்கிக் கொண்டுபோய் ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிடுவார்கள். இதை முதல்முறை கேள்விப்பட்டபோது எனக்கு ஒரு கணம் பேச்சு வரவில்லை. கரூர் மாரியம்மனுக்கு நட்ட கம்பத்தை வைகாசியில் அமராவதிக்குக் கொண்டுபோய் விடும்போது கரையில் நிற்கிற கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். இரண்டுக்கும் உறவு உண்டு என்று ஆராய்ச்சி பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஆயிரம் மைல் தாண்டி வந்து ஹாஸ்டலில் தங்கி, அந்த ராத்திரியில் நைட் ஷிப்டு பார்க்கிற ஒரு பெண்ணிடம் "எங்க ஊர்லயும் மரம் நட்டுச் சுத்துவோம், ஆத்துல விடுவோம்" என்று யாராவது சொல்லியிருப்பார்களா?

எல்லா ஜார்கண்ட் பெண்ணும் கரம் கொண்டாடுபவர் இல்லை, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மேற்கு ஒடிசாப் பெண் என்றால் டால்காய் ஆட்டத்தைக் கேளுங்கள். தோழியை 'டால்காய் போ' (நம்ம 'போ' இல்லை, அது கூப்பிடும் சொல்) என்று கூப்பிட்டுத் தொடங்கி அதே கூப்பிடலில் முடியும் பாட்டு, நம்ம கும்மியில் தோழியைக் கூப்பிடுகிற மாதிரியே. அசாம் பெண்களுக்கு ஏப்ரல் நடுவில் பிஹு, அதாவது நீங்கள் வீட்டில் சித்திரைக்கனி வைத்துக் கண்ணாடியில் முகம் பார்க்கிற அதே நாள்களில். அன்று கம்பெனி லீவுதானே?

எப்படித் தொடங்குவது என்று கேட்பீர்கள். சூப்பர்வைசர் போய் "ஆடிக் காட்டு" என்றால் அது இன்னொரு வேலையாகிவிடும், அதைச் செய்யாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மூன்று பேரைப் பெருந்துறைக்குச் சோற்றுக்குக் கூப்பிடுங்கள். மாமியார் கையால் ஒரு பருப்பும் ரசமும் ஆகட்டும். சாயங்காலம் திடலில் உங்கள் செட்டு ஆடும்போது அவர்கள் சும்மா உட்கார்ந்து பார்க்கட்டும். யாருடைய கால் முதலில் ஆடத் தொடங்குகிறது என்று கவனியுங்கள், அவரை வட்டத்துக்குள் இழுங்கள். நான் குனிந்த இடத்தில் அவர் குனியாமல் போய் யார் மேலாவது மோதுவார். அப்புறம் அவர் ஊர் வரிசையில் நீங்கள் மோதும் முறை வரும்.

எந்த அடியில் மோதினார் என்று எனக்கு எழுதுங்கள். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்,
அண்ணன்