வாசகர் கேள்வி – பதில்: தேய்த்துப் பூசிய மரத்தரையில் குறைகள் தெரிகின்றனவா?

கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் 1950களில் கட்டப்பட்ட ஒரு வீட்டை வாங்கினோம். கம்பளத்தை அகற்றியபோது அதன் கீழே நல்ல ஓக் மரத்தரை இருந்தது. சமையலறைக்கும் வரவேற்பறைக்கும் இடையிலிருந்த சுவரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதுப் பலகை பதித்து, முழுத் தரையையும் தேய்த்து, அடர்பழுப்பு ஸ்டெய்ன் (மரத்துக்கு நிறமேற்றும் சாயம்) கொடுத்து, அதன்மேல் எண்ணெய் வகைப் பாலியூரித்தேன் என்னும் பாதுகாப்புப் பூச்சைப் பூசித் தரும்படி ஓர் ஒப்பந்ததாரரிடம் வேலையை ஒப்படைத்தோம். வேலை முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. மாலை வெயில் விழும்போது தரையில் குறுக்காக அலை அலையாய் வரிகள் தெரிகின்றன. சுவரோரம் நெடுகிலும் நிறம் கறுத்திருக்கிறது. வெறுங்காலுடன் நடந்தால் மணல்போல் நெருடுகிறது. சமையலறைப் பக்கம் நாற்காலியை நகர்த்திய இடத்தில் பூச்சு உரிந்து வருகிறது. புதுப் பலகைகள் ஒட்டுப்போட்டதுபோல் தனித்துத் தெரிகின்றன. “பழைய மரம் அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி ஒப்பந்ததாரர் மீதிப் பணத்தைக் கேட்கிறார். முழுத் தரையையும் மறுபடி தேய்க்கச் சொல்ல வேண்டும் என்கிறார் என் மாமியார். நாங்கள் என்ன செய்வது?
— ஒரு வாசகி, ஸ்காபரோ

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நீங்கள் எழுதியிருக்கும் ஐந்து குறைகளில் நான்கு, வேலை செய்த விதத்தால் வந்தவை, அவற்றுக்கு மரத்தின் வயதைக் காரணம் காட்ட முடியாது. ஐந்தாவதான நிற வேறுபாட்டில் மட்டும் மரத்துக்கும் பங்கு இருக்கக்கூடும். எனினும், மறுபடி தேய்க்கச் சொல்வதற்கு முன்பு, தேய்ப்பதற்கு அந்தத் தரையில் எவ்வளவு மரம் மிச்சமிருக்கிறது என்பதை நீங்களே பார்த்துவிட வேண்டும். பூச்சை எத்தனை முறை வேண்டுமானாலும் பூசலாம். தேய்த்து எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க வழியில்லை.

இதைப் பார்ப்பது எளிது. உங்கள் வீட்டில் சூடான காற்று வரும் துவாரம் தரையில் இருக்குமானால், அதன் உலோக மூடியைத் தூக்கிவிட்டு, வெட்டப்பட்ட பலகையின் விளிம்பைக் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். அக்காலத்து ஓக் தரைகளில் பெரும்பாலும் இரண்டேகால் அங்குல அகலமும் முக்கால் அங்குலக் கனமும் உள்ள பலகைகளை, ஒன்றின் விளிம்பில் நீண்டிருக்கும் நாக்கு மற்றதன் விளிம்பிலுள்ள காடிக்குள் போகும்படி பொருத்தியிருப்பார்கள். அந்த நாக்குக்கு மேலே உள்ள மரம்தான் தேய்ப்பதற்கு உரியது. புதிதாக இருக்கும்போது அது ஏறக்குறைய கால் அங்குலம் இருக்கும். முழுமையாக ஒருமுறை தேய்த்தால் அதில் சுமார் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அங்குலம் போய்விடும், கை தவறினால் அதைப்போல் இருமடங்கும் போகலாம். மேலே மிச்சமிருப்பது எட்டில் ஒரு பங்கு அங்குலத்துக்கும் குறைவு என்றாலோ, பலகைகளின் இணைப்பில் ஆணித்தலைகள் வெளியே தெரியத் தொடங்கியிருந்தாலோ, இன்னொரு முழுத் தேய்ப்புக்கு அவசரப்பட்டுச் சம்மதித்துவிடாதீர்கள். ரொறன்ரோவின் பழைய வீடுகள் சிலவற்றில் பதினாறில் ஐந்து பங்கு அங்குலமே கனமுள்ள பலகைகளை மேலிருந்து ஆணியடித்துப் பதித்திருப்பதும் உண்டு. அப்படிப்பட்ட தரையாக இருந்தால் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும்.

மரம் போதுமான அளவு இருக்கிறது என்று தெரிந்த பிறகு, குறைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மரத்திலேயே விழுந்துவிட்ட குறை ஒரு வகை. மேலே உள்ள பூச்சில் மட்டும் இருக்கும் குறை மற்றொரு வகை. முதல் வகைக்கு மட்டுமே மரம்வரை தேய்க்க வேண்டிய அவசியம் வருகிறது.

குறுக்கு வரிகள் முதல் வகையைச் சேர்ந்தவை. தேய்க்கும் இயந்திரத்தின் உருளை அதிர்ந்து ஓடினாலும், அதன் சக்கரம் தேய்ந்திருந்தாலும், உப்புத்தாளின் ஒட்டு தடித்திருந்தாலும் பலகையின் குறுக்கே ஒரே இடைவெளியில் சிற்றலைகள் விழும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சாய்ந்து விழும் மாலை வெயில், எந்தத் தரையிலும் உள்ள சிறு மேடுபள்ளத்தையும் பெரிதாக்கிக் காட்டும். அமெரிக்காவின் தேசிய மரத்தரைச் சங்கத்தின் வழிகாட்டுதலின்படி, வீட்டில் வைத்துத் தேய்த்துப் பூசிய தரையை நின்ற நிலையில், அறையின் வழக்கமான வெளிச்சத்தில் பார்த்தே மதிப்பிட வேண்டும். மேசைப்பலகையின் மெருகை அதில் எதிர்பார்க்கக் கூடாது. எனவே இரவில் அறை விளக்குகளைப் போட்டுவிட்டு நின்றபடி பாருங்கள். அப்போதும் வரிகள் கண்ணில் பட்டால் அது திருத்தப்பட வேண்டிய குறையே. வெயில் விழும் அந்த அரைமணி நேரத்தில் மட்டுமே தெரிகிறது என்றால், அதற்காக மரத்தை இழப்பது சரியல்ல என்பதே என் கருத்து.

சுவரோரக் கறுப்பு அப்படி விட்டுவிடக்கூடியது அன்று. பெரிய இயந்திரம் சுவர்வரை போகாது; ஓரத்துக்கென்று வேறொரு சுழல் இயந்திரம் உண்டு. நடுத்தரையை 80 அல்லது 100 எண் உப்புத்தாள்வரை தேய்த்துவிட்டு ஓரத்தை 60ஆம் எண்ணோடு நிறுத்திக்கொண்டால், ஓரத்தில் சொரசொரப்பு அதிகமாக நிற்கும். அந்தச் சொரசொரப்பு ஸ்டெய்னைக் கூடுதலாக உறிஞ்சிக் கறுத்துப்போகும். இயற்கை நிறத்தில் விட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாத இந்தப் பிழையை அடர்நிறம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இது முற்றிலும் வேலைப்பிழை. ஓரத்தை மட்டும் தேய்த்து மறுபடி நிறம் கொடுத்தால் சந்திக்கும் இடத்தில் கோடு விழும் என்பதால், சுவரிலிருந்து சுவர்வரை அந்த அறை முழுவதையும் செய்தாக வேண்டும். சுவரை எடுத்துவிட்ட பிறகு உங்கள் வரவேற்பறையும் சமையலறையும் ஒரே தரை ஆகிவிட்டதால், இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டியிருக்கும். படுக்கையறைகளில் இந்தக் குறை இல்லையென்றால் அவற்றைத் தொட வேண்டியதில்லை, வாசற்படியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மணல்போன்ற நெருடல், பூச்சு ஈரமாக இருந்தபோது படிந்த தூசி. வீடு திருத்தும்போது ஜிப்சம் சுவர்களைத் தேய்த்த மாவு காற்றுக் குழாய்களில்கூடத் தங்கியிருக்கும். பூசும் நேரத்தில் சூடாக்கியை ஓடவிட்டால் அவ்வளவும் தரையில் வந்து இறங்கும். இது பூச்சில் மட்டுமே உள்ள குறை. மெல்லிய வலைத்தாளை (வலைபோன்ற உப்புத்தாள்) வட்ட இயந்திரத்தில் மாட்டி மேற்பரப்பை மட்டும் லேசாக உரசி, தூசியைத் துடைத்தெடுத்துவிட்டு, இன்னொரு கை பூசினால் சரியாகிவிடும். மரம் சிறிதும் போகாது.

பூச்சு உரிவதுதான் எல்லாவற்றிலும் கவனமாக ஆராய வேண்டியது. உரிந்து வந்த ஒரு சிறு ஏட்டை எடுத்து வெள்ளைத் தாள்மேல் வைத்து, அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஏடு நிறமின்றித் தெளிவாக இருந்து, அது விட்டுப்போன இடம் இன்னும் பளபளப்பாக இருந்தால், ஒரு கைப் பூச்சுக்கும் அடுத்த கைப் பூச்சுக்கும் இடையில் பிடிப்பு இல்லை என்று பொருள். முதல் பூச்சு காய்ந்த பின் அதை உரசாமலே அடுத்ததைப் பூசியிருப்பார், அல்லது இடையில் ஏதோ எண்ணெய்ப்பசை பட்டிருக்கும். ஏட்டின் அடியில் பழுப்பு நிறம் ஒட்டிக்கொண்டு வந்து வெறும் மரம் தெரிந்தால், ஸ்டெய்ன் முழுதும் உலர்வதற்கு முன்பே பாலியூரித்தேனைப் பூசிவிட்டார்கள் என்பது பெரும்பாலும் உறுதி. அடுத்து, கண்ணில் படாத ஒரு மூலையில் கூரிய கத்தியால் பூச்சில் மட்டும் சிறிய பெருக்கல் குறி கீறி, அதன்மேல் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, வெடுக்கென இழுத்துப் பாருங்கள். இதேபோல் அறையின் பல இடங்களில் செய்யுங்கள். எங்கும் ஏடு வரவில்லையென்றால் கோளாறு நாற்காலி நகர்ந்த சமையலறைப் பக்கத்தில் மட்டுமே இருக்கிறது. எல்லா இடத்திலும் வந்தால், மேலே எத்தனை கை பூசினாலும் அந்தப் பூச்சும் கீழுள்ளதோடு சேர்ந்தே உரியும். பழையதை முழுதாக எடுத்துத்தான் ஆக வேண்டும். “மேலே ஒரு கோட் அடித்துத் தருகிறேன்” என்று அவர் சொன்னால், இந்தச் சோதனையை அவர் கண்முன்பே செய்து காட்டுங்கள்.

புதுப் பலகைகளைப் பொறுத்தவரை, என்ன ஓக் வாங்கிப் பதித்தார் என்று கேளுங்கள். அக்கால வீடுகளில் பெரும்பாலும் இருப்பது சிவப்பு ஓக். அதற்கு நடுவே வெள்ளை ஓக்கைப் பதித்தால் எந்த நிறத்தாலும் இரண்டும் ஒன்றுபோல் ஆகா. பலகையின் மேல்முகத்தில் தெரியும் சிறு கருங்கோடுகளை உற்றுப் பாருங்கள்: சிவப்பு ஓக்கில் அவை பெரும்பாலும் ஓர் அங்குலத்துக்கும் குறைவாக இருக்கும், வெள்ளை ஓக்கில் நீளமாக ஓடும். மர வகையே மாறியிருந்தால் அந்தப் பலகைகளைப் பெயர்த்து மாற்றித் தருவது அவர் பொறுப்பு. இரண்டும் சிவப்பு ஓக் என்றால், பழைய மரமும் புது மரமும் ஸ்டெய்னை ஏற்பதில் சிறிது வேறுபடுவது இயல்பு. அதில் ஓரளவை நீங்கள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். மறுபடி தேய்ப்பதாக முடிவானால், நிறம் கொடுப்பதற்கு முன் தரை முழுவதையும் ஒரே சீராக நீரால் ஈரப்படுத்தி நன்கு உலரவிடச் சொல்லுங்கள். ரேகைகள் திறந்துகொண்டு நிறம் ஏறக்குறைய சமமாக ஏறும்.

ஒப்பந்ததாரரிடம் எப்படிப் பேசுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீல ஒட்டுநாடாவால் ஒவ்வொரு குறையையும் அடையாளமிட்டு, தேதியோடு படம் எடுத்து, எந்த இடத்தில் என்ன குறை, அதை எப்படிச் சரிசெய்யக் கேட்கிறீர்கள், எந்தத் தேதிக்குள் என்பவற்றை எழுத்தில் அனுப்புங்கள். எந்த எண் உப்புத்தாள்வரை தேய்த்தார், எந்த ஸ்டெய்ன், எத்தனை கைப் பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் எவ்வளவு நேரம் உலரவிட்டார் என்பவற்றையும் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். முதலில் திருத்துவதற்கு அவருக்கே ஒரு வாய்ப்புக் கொடுங்கள். அது நியாயம், பின்னால் வழக்கு என்று போனால் உங்களுக்குப் பலமும்கூட. சான்றிதழ் பெற்ற மரத்தரை ஆய்வாளர் ஒருவரை வரவழைத்து அறிக்கை வாங்கிவைத்தால் பேச்சுக்கு ஆதாரம் கிடைக்கும்.

ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும், செய்து தரும் சேவை நியாயமாக ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். எனவே திருத்தத்துக்கு ஆகும் தொகையை நிறுத்திவைத்துப் பேசுவதில் தவறில்லை. ஆனால் மீதி முழுவதையும் ஒரு வார்த்தை எழுதாமல் நிறுத்திவிட்டால், கட்டுமானச் சட்டத்தின் கீழ் அவர் உங்கள் வீட்டின்மீது உரிமைப் பற்று (பாக்கிப் பணத்துக்காக வீட்டின்மீது கோரும் சட்ட உரிமை) பதிவுசெய்ய முயலக்கூடும். ஆகவே பணத்தை நிறுத்துவதற்கு முன்பு ஒரு வழக்கறிஞரிடமோ, உரிமம் பெற்ற சட்டத்துணையாளரிடமோ ஒப்பந்தத்தைக் காட்டிவிடுங்கள். சமாதானம் ஆகாவிட்டால் சிறு உரிமைகோரல் நீதிமன்றம் இருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் அங்கே 50,000 டாலர்வரை கோரலாம். பொதுவாக, குறையை அறிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும்.

இதற்கிடையில் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கடைகளில் விற்கும் மெருகுத் திரவத்தையோ, மெழுகையோ, எண்ணெய்ச் சோப்பையோ போட்டு இந்தக் குறைகளை மறைக்கப் பார்க்க வேண்டாம். அவற்றின் பசை தங்கிய தரையில் அடுத்த பூச்சு பிடிக்காது. நீங்கள் போட்ட மெழுகால்தான் உரிகிறது என்று ஒப்பந்ததாரர் சொல்வதற்கும் இடம் கொடுத்ததாகிவிடும்.

கேள்வி: ஆகஸ்டில் எங்கள் மேப்பிள் மரத்தரையைத் தேய்த்துப் பூசினோம். அப்போது ஓர் இடுக்குகூட இல்லை. இப்போது ஜனவரியில் பலகைகளுக்கு இடையே ஒரு நாணயத்தின் விளிம்பு போகும் அளவுக்கு இடைவெளி வந்துவிட்டது. மரப்புட்டி வைத்து அடைத்துத் தருவதாக வேலைக்காரர் சொல்கிறார். அடைக்கலாமா?
— ஒரு வாசகர், மார்க்கம்

பதில்: அடைக்க வேண்டாம். குளிர்காலத்தில் சூடாக்கி ஓடும்போது வீட்டுக் காற்று வறண்டு, மரம் ஈரத்தை இழந்து அகலத்தில் சுருங்குகிறது. கோடையில் காற்றில் ஈரம் கூடியதும் மறுபடி விரியும். இப்போது வைக்கும் புட்டியை ஜூலையில் பலகைகளே நெருக்கி வெளியே தள்ளிவிடும். ஈரமானி ஒன்றை வாங்கி அறையில் வையுங்கள். ஈரப்பதம் 35 சதவீதத்துக்கும் கீழே போகுமானால் ஈரமூட்டியை ஓடவிடுங்கள். ஆனால் ஜன்னல் கண்ணாடிகளில் நீர் வழியும் அளவுக்குக் கூட்ட வேண்டாம். ஜூன், ஜூலையிலும் மூடிக்கொள்ளாத இடைவெளிகள் எவையென்று குறித்துவைத்து, அவற்றை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.