செய்தியில் இருக்கும் பத்திரிகையாளரைப் பற்றிச் சேர்ந்து எழுதுவது

கேள்வி: ஒரு பத்திரிகையாளர் சில நாட்களாகச் செய்திகளில் இருக்கிறார். நண்பர்கள் சேர்ந்து அவரைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதலாமா? எங்கே தொடங்குவது?

தாராளமாக எழுதலாம். நீங்கள் இதழியல் படிப்பவர் என்றும், அவருக்கு நடந்தது உங்களைத் தூங்கவிடவில்லை என்றும் வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நான் நிர்வாகி இல்லை, சாதாரணப் பயனர். விதிகளை என்னைவிடத் துல்லியமாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் இப்படிப்பட்ட ஒரு கட்டுரைக்காக மல்லுக்கட்டியவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

2017 செப்டம்பர் 5 இரவு, பெங்களூரு ராஜராஜேஸ்வரி நகரில் தம் வீட்டு வாசலிலேயே கன்னடப் பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த சில வாரங்கள் நாங்கள் சிலர் அவரைப் பற்றிய கட்டுரையில் உழைத்தோம். நேரில் பார்த்துக்கொண்டவர்கள் இல்லை. கட்டுரையோடு இணைந்திருக்கும் உரையாடல் பக்கம்தான் எங்கள் திண்ணை. புகழாரம் சூட்ட வந்தவர்கள் ‘வீரமங்கை’ என்று எழுதினார்கள். வசைபாட வந்தவர்கள் எழுதியதை இங்கே சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டையும் நீக்கினோம். மூன்றாவதாக ஒருவர் வந்து, கொன்றவர்கள் இன்னார்தான் என்று ஒரு பத்தியே சேர்த்தார். அப்போது ஒருவர்கூடக் கைதாகவில்லை. முதல் கைது 2018-இல்தான் நடந்தது. குற்றம் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படுவதற்கு முன்பே ஒருவரைக் கொலையாளி என்று கலைக்களஞ்சியம் எழுதக்கூடாது. யார் மீது நமக்கு எவ்வளவு சந்தேகம் இருந்தாலும் இதில் விலக்கு கிடையாது.

‘கொலையில் என்னய்யா நடுநிலை?’ என்று கேட்பவர்கள் வருவார்கள், எனக்குத் தெரியும். கோபம் எனக்கும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதைக் கட்டுரையில் கொட்டியிருந்தால், எதிர்த்தரப்பு வந்து அழிப்பதற்கு நாங்களே காரணம் கொடுத்தவர்கள் ஆவோம். சான்றோடு நிற்கிற வாக்கியத்தை அவ்வளவு எளிதாக யாரும் அசைக்க முடியாது. அவரது உடலைப் புதைத்ததை வைத்து, அவர் கிறிஸ்தவர் என்று ஒரு வதந்தி கிளம்பியது. கர்நாடகத்தின் சிவ வழிபாட்டுச் சமூகமான லிங்காயத்துகளிடம் புதைக்கும் வழக்கம் உண்டு, அவர் பிறந்தது அந்தச் சமூகத்தில் என்ற விவரமே போதுமானதாக இருந்தது. அவர் எழுதிய கடைசித் தலையங்கமே பொய்ச் செய்திகளைப் பற்றியது என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

என்னை அதிகம் உறுத்தியது வேறு. கட்டுரையின் பெரும்பகுதி அந்த ஓர் இரவைப் பற்றியே இருந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தவர்! தந்தை பி. லங்கேஷ் 1980-இல் விளம்பரமே வாங்காமல் தொடங்கிய வார இதழ், 2000-இல் அவர் இறந்ததும் ஆங்கில இதழியலை விட்டுக் கன்னடத்துக்கு வந்த மகள், தம்பியோடு ஏற்பட்ட பிணக்கு, 2005-இல் தொடங்கிய சொந்த இதழ், 2008-இல் வெளியிட்ட ஒரு செய்திக்காக 2016 நவம்பரில் ஹுப்பள்ளி நீதிமன்றம் விதித்த ஆறு மாதச் சிறை, கிடைத்த ஜாமீன். இவையெல்லாம் இரண்டே வரியில் முடிந்திருந்தன. ஆங்கில நாளேடுகளில் கிடைத்ததெல்லாம் கொலைச் செய்தி. ஓசூரில் கன்னடம் படிக்கத் தெரிந்த ஒருவர் கிடைத்த பிறகுதான் அவர் எழுதியவற்றைப் பற்றி நாங்கள் எழுத முடிந்தது. உங்கள் குழுவிலும் அந்தப் பத்திரிகையாளரின் மொழி தெரிந்த ஒருவரை முதலில் தேடுங்கள். அவர் செய்தியாவதற்கு முன் செய்த வேலையை முதலில் எழுதுங்கள். நடந்த சம்பவத்தை எழுதப் பத்துப் பேர் தாமாகவே வருவார்கள்.

சான்று என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊர் நூலகத்தில் பழைய வார இதழ்களைக் கட்டுக்கட்டாக எடைக்குப் போட்டார்கள். கேட்டதற்கு ‘இடமில்லை’ என்றார்கள். நாளேடுகளோ தங்கள் தளத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பழைய இணைப்புகளைச் சாகவிடுகிறார்கள். தமிழில் சான்றே இல்லை என்று எங்களைக் குறை சொல்பவர்கள், சான்றுகளைக் குப்பைக்கு அனுப்புகிறவர்களை ஒரு வார்த்தை கேட்பதில்லை.

‘இவ்வளவு கெடுபிடி எதற்கு’ என்பவர்களுக்கு ஜான் சீகன்தாலரின் கதை. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ‘டென்னசியன்’ நாளேட்டின் ஆசிரியராக இருந்தவர். அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி, அவர் தம்பி ராபர்ட் ஆகியோரின் கொலைகளில் அவர் மீது சந்தேகம் இருந்ததாக 2005 மே மாதம் யாரோ பெயர் சொல்லாமல் ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதினார். ராபர்ட் கென்னடியின் உதவியாளராக இருந்து, அவருடைய சவப்பெட்டியைச் சுமந்த மனிதர் மீது அப்படி ஒரு பழி. நான்கு மாதங்களுக்கு மேல் அது அங்கேயே கிடந்தது. வாழும் மனிதர்களைப் பற்றிய விதிகள் இறுகியது அதன் பிறகுதான்.

ஆகவே நேரடியாகக் கட்டுரைப் பக்கத்தில் இறங்காமல் மணல்தொட்டி எனப்படும் பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பகுதிகளைப் பிரித்துக்கொள்ளுங்கள், இருவர் ஒரே பத்தியைத் திருத்தினால் தொகுப்பு முரண்பாடு வந்து உழைப்பு வீணாகும். சண்டை வந்தால் உரையாடல் பக்கத்துக்குப் போங்கள், ஒருவர் திருத்தத்தை மற்றவர் மாறி மாறி மீளமைக்காதீர்கள்.

ஒரு சூழ்நிலையில் மட்டும் எழுதவே வேண்டாம் என்பேன். நியூயார்க் டைம்ஸ் நிருபர் டேவிட் ரோட் 2008 நவம்பரில் ஆப்கானிஸ்தானில் கடத்தப்பட்டபோது, அந்தத் தகவலை விக்கிப்பீடியாவில் வரவிடாமல் அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸும் சில நிர்வாகிகளும் தடுத்தார்கள். 2009 ஜூனில் அவர் தப்பி வந்த பிறகே அது ஏறியது. தணிக்கை என்று பலர் திட்டினார்கள். நான் அந்த நிர்வாகிகள் பக்கம். நீங்கள் எழுத நினைப்பவர் இப்போது யாரிடமாவது சிக்கியிருக்கிறார் என்றால், அவர் வீடு திரும்பும்வரை அந்தத் தகவலைக் கட்டுரையில் சேர்க்காதீர்கள்.