எச்-இண்டெக்ஸ் 40 என்றால் நல்ல ஆய்வாளரா?

கேள்வி: என் மகள் நரம்பியலில் பிஎச்.டி. சேர விரும்புகிறாள். அவள் பார்த்து வைத்திருக்கும் பேராசிரியரின் கூகுள் ஸ்காலர் பக்கத்தில் ‘எச்-இண்டெக்ஸ் 40’ என்றிருக்கிறது. இதை நம்பிச் சேர்க்கலாமா?
– வாசகர், ராயபுரம்

பதில்: அவருடைய கட்டுரைகளில் 40 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 40 முறை, மேற்கோள் காட்டப்பட்டுள்ளன என்பதே அதன் பொருள், 2005ஆம் ஆண்டில் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்த கணக்கு இது. ஆண்டுகள் கூடக் கூட அந்த எண் ஏறுமே தவிர இறங்காது; தம் கட்டுரையைத் தாமே மேற்கோள் காட்டுவதும் அதில் சேரும். கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகளையும் சேர்த்து எண்ணுவதால், ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் அதே பேராசிரியரின் எண் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

உங்கள் பகுதியின் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் தோன்றும் வலியை ஆராயப் பயன்படுத்தியது, நடுவே முகம் பார்க்கும் கண்ணாடி பொருத்திய ஒரு சாதாரணப் பெட்டியைத்தான். 1990களில் வெளியான அந்தக் கட்டுரைகளை மறுவாழ்வு மருத்துவத் துறையினர் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். இத்தகைய செல்வாக்கை ஒற்றை எண் காட்டிவிடாது.

எனவே, கட்டுரைப் பட்டியலையே திறந்து பாருங்கள். நரம்பியலில் வழக்கமாக முதல் பெயர் சோதனையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. அண்மைக் கட்டுரைகளில் பேராசிரியர் கடைசியிலும் அவருடைய மாணவர்கள் முதலிலும் இருந்தால், உங்கள் மகளுக்கு (எனக்கென்னவோ 40ஐவிட) அதுவே நல்ல அறிகுறி. பிறருடைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் திறனாய்வுக் கட்டுரைகள் மேற்கோள்களை எளிதில் அள்ளும். அவற்றைத் தனியே ஒதுக்கிவிட்டுப் பாருங்கள்.