‘வாக்கிங் டு தி ஸ்டேஷன், தி ரெயின் ஸ்டார்ட்டட்’ என்ற வாக்கியம் ஏன் பிழை?

நீங்கள் கேட்டிருக்கும் இந்த வாக்கியத்தில் சொற்கள் எல்லாம் சரியானவையே. ஆனால் ஸ்டேஷனுக்கு நடந்து போனது மழை என்று அது பொருள்படுகிறது. வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் பார்ட்டிசிபிள் தொடருக்கு (‘வாக்கிங்’ போன்ற எச்ச வினை வடிவத்தில் தொடங்கும் தொடருக்கு)த் தனி எழுவாய் இல்லாததால், காற்புள்ளிக்குப் பின் வரும் எழுவாயையே அது தன் வினைமுதலாக எடுத்துக்கொள்கிறது.

மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்துபவன் என்ற முறையில், இந்தப் பிழைக்கு நம் ‘போது’ ஒரு முக்கியக் காரணம் என்று கருதுகிறேன். ‘நான் நடந்துகொண்டிருந்தபோது மழை தொடங்கியது’ என்று தமிழில் நினைக்கிறோம். அங்கே இரண்டு வினைகளுக்கும் எழுவாய் வேறு வேறாக இருக்கலாம். ஆங்கிலத் தொடரோ அதைவிட நன்னூல் கூறும் ‘செய்து’ வாய்பாட்டு வினையெச்சத்துக்கே (‘நடந்து’, ‘படித்து’ போன்றவற்றுக்கே) நெருக்கமானது. அந்த எச்சம் தன் வினைமுதலின் வினையைக் கொண்டே முடியும் என்பது விதி. (‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்பது போன்ற காரணப் பொருள் வழக்குகள் வேறு.) ‘நான் ஸ்டேஷனுக்கு நடந்து மழை தொடங்கியது’ என்று நாம் எழுதுவதில்லை அல்லவா? அந்தக் காதுதான் ஆங்கிலத்திலும் வேண்டும்.

திருத்த இரண்டு வழிகள் உண்டு: நடந்தவரை எழுவாயாக்கி ‘வாக்கிங் டு தி ஸ்டேஷன், ஐ ஃபெல்ட் தி ஃபர்ஸ்ட் டிராப்ஸ்’ என்று எழுதலாம், அல்லது ‘வைல் ஐ வாஸ் வாக்கிங்’ என்று தொடருக்கே ஓர் எழுவாயைக் கொடுத்துவிடலாம்.

அலுவலகக் கடிதங்களில் இது எளிதில் கண்ணுக்குப் படாது. ‘ஹேவிங் ரெட் யுவர் லெட்டர், தி மேட்டர் வில் பி எக்ஸாமின்ட்’ என்பதில் கடிதத்தைப் படித்தவர் யார்? முதன்மை வாக்கியம் செயப்பாட்டு வினையாக மாறியதும் படித்தவர் மறைந்து, விவகாரமே கடிதத்தைப் படித்ததாகிவிடுகிறது. ‘ரிட்டன் இன் ஹேஸ்ட், தி ரிப்போர்ட் ஹேட் மெனி எரர்ஸ்’ என்பதோ சரியானது, ஏனெனில் எழுதப்பட்டது அறிக்கைதான்.

இந்தப் பார்ட்டிசிபிள் தொடர் பெயரெச்சம் போல ஒரு பெயருக்கு அடையாக வரும்போது, அது நிற்கும் இடத்தைக் கவனித்தால் போதும். தமிழில் ‘வாசலில் நிற்கும் மனிதர்’ என்று அடை முன்னே வரும். ஆங்கிலத்தில் ‘தி மேன் ஸ்டாண்டிங் அட் தி கேட்’ என்று பெயரை ஒட்டிப் பின்னே வரும். அதைப் பெயரிலிருந்து விலக்கி வைத்தால் இடையில் உள்ள வேறொரு பெயர் அதைப் பற்றிக்கொள்ளும்.

‘கன்சிடரிங்’, ‘ஜட்ஜிங் ஃப்ரம்’ போன்றவை வழக்கில் முன்னிடைச்சொற்களை (ப்ரெபொசிஷன்களை)ப் போலவே ஆகிவிட்டதால், அவற்றுக்கு இந்த எழுவாய்ப் பொருத்தத்தைப் பார்க்க வேண்டியதில்லை.