லினக்ஸ் கெர்னலில் உள்ள எம்ஜிஎல்ஆர்யூ நிஜமாகவே பலன் தருகிறதா? என் லேப்டாப்பில் எப்படிச் சோதிப்பது?

ஃப்ரீ கட்டளையில் காலி ரேம் கூடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது. லினக்ஸ் எப்படியும் ரேமைச் சும்மா விடாது, படித்த கோப்புகளால் நிரப்பிவைக்கும். ரேம் தட்டுப்படும்போது எந்தப் பக்கத்தை (ரேமின் சிறு துண்டை) வெளியேற்றுவது என்று தேர்ந்தெடுப்பதுதான் எம்ஜிஎல்ஆர்யூவின் வேலை. பழைய முறையில் ஆக்டிவ், இன்ஆக்டிவ் என்று இரண்டு பட்டியல்கள். இதில் வயதுவாரியாகப் பல தலைமுறைகள். கூகுளின் யூ ஜாவ் எழுதியது, 2022 டிசம்பரில் வெளியான 6.1 கெர்னலில் சேர்ந்தது.

ஆக, முதலில் தட்டுப்பாட்டை உண்டாக்க வேண்டும். 16 ஜிபி மெஷினில் நாலு டேப் திறந்துவிட்டு "வித்தியாசமே இல்லையே" என்பதில் அர்த்தமில்லை. நான் பூட் வரியில் 'மெம்' அளவுருவைக் கொடுத்து 3 ஜிபியோடு நிறுத்திவிடுவேன். சிகுரூப் வரம்பு, அதாவது ஒரு புராசஸ் குழுவுக்கு மட்டும் ரேம் வரம்பு, போட்டும் நெருக்கலாம்தான். ஆனால் அங்கே வரம்பில் முட்டும் புராசஸே உட்கார்ந்து பக்கங்களை விடுவிக்கும், பின்னணியில் அதே வேலையைச் செய்யும் கெர்னலின் கேஸ்வாப்டி எழாது. கேஸ்வாப்டி எவ்வளவு சிபியூ தின்கிறது என்பது இந்தச் சோதனையில் பாதி. எம்ஜிஎல்ஆர்யூவால் 40% குறைந்தது என்று கூகுள் சொன்னதும் அதைப் பற்றித்தான். ஸ்வாப் (வெளியேறும் பக்கங்களுக்கான வட்டு இடம்) அல்லது இசட்ரேம் (ரேமுக்குள்ளேயே சுருக்கிவைக்கும் ஸ்வாப்) கட்டாயம் இருக்கட்டும். இல்லையென்றால் கோப்புப் பக்கங்களை மட்டும்தான் சோதிப்பீர்கள்.

சிஸ் கோப்பமைப்பில் (/sys) கெர்னல், எம்எம், எல்ஆர்யூ_ஜென் என்று உள்ளே போனால் 'எனேபிள்டு' கோப்பு இருக்கும். 0 எழுதினால் பழைய முறை, 7 எழுதினால் புதியது முழுதாக. ரீபூட் தேவையில்லை, ஆனாலும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் செய்துவிட்டு எண்ணை எழுதுங்கள், கேஷ் சுத்தமாக இருக்கும்.

வேலைச்சுமை இரண்டு தடவையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கெர்னலையே கம்பைல் செய்யவிட்டு, பக்கத்தில் அதே டேப்களோடு பிரவுசர் திறந்துவைப்பது எனக்குப் பிடித்த வழி. பிராக்கில் (/proc) பிரஷர் அடைவின் மெமரி கோப்பில் 'ஃபுல்' வரியின் மொத்தத்தை முன்னும் பின்னும் குறித்துக் கழியுங்கள். ரேமுக்காக எல்லா வேலையும் ஒரேயடியாக நின்ற நேரம் அது, மைக்ரோ விநாடியில். அதே பிராக்கின் விஎம்ஸ்டாட் கோப்பில் ரீஃபால்ட் (வெளியேற்றிய பக்கம் மறுபடி தேவைப்பட்ட) எண்களும் உண்டு, ஆனால் எல்லா கெர்னல் பதிப்பிலும் பழைய, புதிய முறைகள் அதை ஒரே மாதிரி எண்ணுவதில்லை. அதனால் நான் பிரஷரைத்தான் நம்புவேன்.

அப்புறம், எல்ஆர்யூ_ஜென் அடைவில் இருக்கும் மின்_டிடிஎல்_எம்எஸ் என்ற கோப்பை முதல் சுற்றில் 0 ஆகவே விடுங்கள். 1000 வைத்தால் கடைசி ஒரு விநாடியில் பயன்பட்ட பக்கங்களைக் கெர்னல் தொடாது. அதற்கும் வழியில்லாமல் போனால் ரேமை விடுவிக்க ஒரு புராசஸையே கொல்லும் ஓஓஎம் கில்லரை அழைத்துவிடும். நடுவில் பிரவுசர் காணாமல் போனால் முதலில் அங்கே பாருங்கள்.